தொபியாசுக்குத் துணை யார்?



நமுனுகுல மலைச்சாரல் லயன்களில் விடியுமுன் எழும்பும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தாய் கொழுந்தெடுக்கப் போய்விடுகிறாள். நடமாட்டமில்லாத தகப்பனைக் கழுவித் துடைத்து, பீலியில் தண்ணீர் பிடித்து, தேத்தண்ணீர் கொடுத்த பின்னரே அது புத்தகத்தைத் தொடுகிறது. சில நாட்களில் தொடுவதேயில்லை.

"புண்ணியப் பிள்ளை" என்கிறோம். நான்காம் கட்டளையை அது நமக்கே கற்பிக்கிறது, உண்மைதான். ஆனால் நமது புகழ்ச்சி ஒரு குடம் தண்ணீர் சுமக்குமா?

தொபித்து ஆகமத்தில், பார்வையிழந்த தந்தை அனுப்ப, மகன் தொபியாஸ் தூரதேசம் புறப்பட்டான். ஆண்டவர் அவனைத் தனியே விடவில்லை. ரபாயேல் சம்மனசை வழித்துணையாகத் தந்தார். தந்தையின் கண்களுக்கு மருந்தும் அந்தத் துணையாலேயே கிடைத்தது.

நம் தோட்டத்துத் தொபியாசுக்கு ரபாயேல் யார்? பக்கத்துக் காம்பராவில் இருக்கும் நாமே. ஒரு வேளைச் சோறு கொடுக்கலாம். பாடசாலை நேரத்தில் தகப்பனைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கவீனர் கொடுப்பனவுக்காகப் பிரதேச செயலகம்வரை கூடப் போகலாம்.

5 முதல் 16 வயதுவரை கல்வி நம் நாட்டில் கட்டாயம். பெற்றோரைப் பேணும் பிள்ளை அதை இழக்க வேண்டுமென்பது இறைவன் சித்தமல்ல. இந்த ஞாயிறு பூசை முடிந்ததும், வீடு திரும்புமுன், அந்தக் கதவைத் தட்டுவோம்.