தூரம்

கவுஞ்சியிலிருந்து மன்னவனூர், பூம்பாறை வழியாகக் கொடைக்கானலுக்குப் பேருந்தில் படிக்க வரும் பெண், முதல் வகுப்பிலேயே பாதி களைத்திருப்பாள். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவதென்று காலையில் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். சில்லிட்ட பெஞ்சில் விரல் விறைத்து எழுத்து கோணினால் 'கவனம் போதாது' என்கிறோம். கவனம் மனசுக்குள் மட்டும் இருக்கும் சரக்கா?

உடல்வழியேதான் உலகை அறிகிறோம் என்று 1945இல் எழுதினார் பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போந்தி. அவர் எழுதும் உடல் எனக்கு ஆணுடலாகவே தெரிகிறது. மாதவிலக்குக்கு நம்மிடம் 'தூரம்' என்றொரு பெயருண்டு. இவளுக்கோ இரண்டு தூரம்.

கொடைக்கானலில் 1984இல் பெண்களுக்கென்றே அன்னை தெரசா பல்கலைக்கழகம் வந்தது. சின்ன விஷயமில்லை. ஆனால் தேர்வறையில் இவளுக்கும் அதே 3 மணி நேரம்தான். விடுதியிலிருந்து நடந்து வந்தவள் 60, இவள் 40. அந்த 20இல் அறிவு எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று விடைத்தாள் திருத்தும் நான் எப்படிப் பிரிப்பது?