படலையும் பிடியாணையும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவை ஊடறுத்துச் செல்லும் வீதி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிவடைகின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அங்கிருந்தே படகேறுவர். போர் நிகழ்ந்த ஆண்டுகளில் தீவகத்தார் இத்தகைய வழிகளிலெல்லாம் அடையாள அட்டையைக் காட்டி, தாம் இன்னார் எனக் கூறிய பின்னரே பயணம் செய்ய முடிந்தது. பகலிலே குடிமகன் அரசுக்குத் தன்னை அறிவித்தாக வேண்டும். இரவிலே அரசு அவனது வீட்டை நாடி வரும்போது, அது தன்னை அவனுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டதா? அறிவியாது புகுமாயின், உள்ளிருப்பவன் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வது குற்றமாகுமா? இவ்விரு வினாக்களும் உண்மையில் ஒன்றே என்பது ஈண்டு காட்டப்படும்.

தீவகத்து வளவுகள் கதியாலும் ஓலையும் கொண்டு அடைக்கப்பட்டவை. வேலியின் வாயிலில் இருப்பது படலை. அதனை ஒரு சிறுவனும் தள்ளித் திறக்கலாம். எனினும் வருபவர் படலையில் நின்று குரல் கொடுத்து, உள்ளிருந்து மறுமொழி வந்த பின்னரே அடியெடுத்து வைப்பர். இதனை வெறும் உபசாரம் என்று கொள்வது பொருந்தாது. குரலைக் கேட்டே வந்தவர் உறவினரா, அயலவரா, அந்நியரா என வீட்டார் தெரிந்துகொள்கின்றனர். இரவில் குரல் கொடாது உள்ளே வருபவனைக் கள்வன் என்று கருதுவதற்கு வீட்டாருக்கு வேறு சான்று தேவைப்படுவதில்லை.

சட்டமும் ஏறத்தாழ இம்முறையிலேயே சிந்தித்து வந்துள்ளது. 1604 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட செமெய்ன் வழக்கு, அரசனின் அலுவலர் கதவை உடைக்குமுன் தாம் வந்த காரணத்தை அறிவித்து, திறக்குமாறு கேட்க வேண்டும் என விதித்தது. அதற்குக் கூறப்பட்ட நியாயம் கருதத்தக்கது: அறிவிக்கப்பட்டிருந்தால் வீட்டுக்காரன் பணிந்திருக்கக் கூடும், ஆகவே அறியாதவனைப் பணிய மறுத்தவனாகக் கொள்ளலாகாது. இலங்கையின் 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும் இவ்விதியின் சாயல் உண்டு. தம் அதிகாரத்தையும் நோக்கத்தையும் தெரிவித்து, அனுமதி கேட்டும் பெறாதவிடத்தே கைது செய்ய வந்தவர் கதவை உடைக்கலாம்.

இனித் தண்டனைச் சட்டக்கோவையை நோக்குவோம். 1860 ஆம் ஆண்டின் இந்தியக் கோவையைத் தழுவி 1883 இல் இலங்கையில் ஆக்கப்பட்ட இக்கோவை, இரவில் வீடுடைத்துப் புகுபவனைத் தடுக்குமிடத்து அவனுக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்கும் தற்காப்புரிமை நீளலாம் என்கின்றது. அதே கோவை, நல்லெண்ணத்துடன் தம் பதவியின் பெயரால் செயற்படும் அரசாங்க ஊழியரின் செயல் சட்டத்தின்படி முற்றும் சரியன்றாயினும், அது மரணத்தையோ கடும் காயத்தையோ பற்றிய நியாயமான அச்சத்தை ஏற்படுத்தாதவரை, அதற்கெதிராக அவ்வுரிமை இல்லை என்கின்றது. நள்ளிரவில் உடைபடும் கதவு ஒன்றே. அதற்கு முன்னால் நிற்பவன் ஒரு நிலையில் கொல்லவும் உரிமை பெற்றவன். மறு நிலையில் கையோங்கவும் உரிமையற்றவன். எதனால் இவ்வேறுபாடு? கோவையே விளக்குகின்றது: வந்தவர் அரசாங்க ஊழியர் என அறிந்திருந்தாலன்றி, அல்லது அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தாலன்றி, ஒருவனது தற்காப்புரிமை பறிபோவதில்லை.

எனவே அறிவித்தல் என்பது சந்தேக நபருக்குக் காட்டப்படும் சலுகையன்று. அதிகாரம் அதிகாரமாகும் தருணமே அதுதான். அறிவியாது புகும் அலுவலர் தம் பதவியைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு வருகின்றார். ஜோன் லொக் இதற்கும் அப்பாற் சென்றார். வீதியில் தன்னைக் கைது செய்ய அதிகாரம் பெற்றவனே ஆயினும், அவ்வதிகாரத்தைத் தான் அறிந்திருந்தும், வீட்டை உடைத்துப் புக முனைந்தால் அவனைக் கள்வனைப்போல் எதிர்க்கலாம் என்பது அவர் கருத்து. அவ்வளவு தூரம் செல்ல வேண்டிய தேவை ஈண்டு இல்லை. அறியாதவனைப் பற்றிய வழக்கே போதியது.

இவ்வொழுங்கை 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் குலைத்தது. பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அலுவலரோ, அவரிடம் எழுத்து மூல அதிகாரம் பெற்ற உப பரிசோதகரோ, வேறெச் சட்டம் எவ்வாறு கூறினும், ஆணைப்பத்திரமின்றி எவ்விடத்திலும் புகுந்து தேடலாம் என அது விதித்தது. நல்லெண்ணத்துடன் செய்தவற்றுக்கு வழக்குத் தொடர முடியாது எனவும் காப்பளித்தது. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் அந்த விளக்கத்தை அது நீக்கவில்லை. புகுபவருக்கு அறிவிக்காதிருக்கும் வசதி. உள்ளிருப்பவருக்கோ அறியாமையின் உரிமை. இரண்டும் ஒரே இரவில் ஒரே வாசலில் சந்திக்கலாம் என்பதைச் சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவ்வாறு சந்திப்பின் விளைவு யாது என்பதற்கு அமெரிக்க நகரமாகிய லூயிவில் சான்று. 2020 மார்ச் 13 இன் நள்ளிரவு கடந்த வேளையில், தட்டாமலே புக அனுமதிக்கும் ஆணையைப் பெற்றிருந்த பொலிஸார் பிரியோனா டெயிலர் என்ற இளம்பெண்ணின் வீட்டுக் கதவை உடைத்தனர். தாம் தட்டி அறிவித்ததாகவே அவர்கள் பின்னர் கூறினர். அயலவர் பலர் அதனைக் கேட்கவில்லை. கள்வர் எனக் கருதிய அவரது துணைவர் ஒருமுறை சுட்டார். பொலிஸ் அலுவலர் ஒருவர் காலில் காயமுற்றார். பதிலாகப் பாய்ந்த 32 குண்டுகளில் அப்பெண் உயிரிழந்தார். துணைவர் மீதான கொலைமுயற்சிக் குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. திடீர்ப் பிரவேசம் அலுவலரின் உயிரைக் காக்கும், தடயம் அழிவதைத் தடுக்கும் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயுதம் ஏந்தியவன் உள்ளே இருப்பின் அறிவிப்பு அவனை எச்சரிக்கும் என்பது மெய்யே. ஆயினும் அறிவியாமை அலுவலரையும் கள்வனின் இடத்தில் நிறுத்தி, கள்வனுக்குரிய ஆபத்தை அவர்மேல் ஏற்றுகின்றது. அதே ஆண்டு ஜூனில் லூயிவில் நகரசபை அத்தகைய ஆணைகளைத் தடைசெய்தது.

தீவகத்து வீட்டாரிடம் துப்பாக்கி இல்லை. அவர்களது தற்காப்பு பெரும்பாலும் இரண்டே வகை: கூக்குரலிடுதல், பின்வேலியால் ஓடுதல். ஓடுவதும் தற்காப்பே. ஆனால் ஓடியவன் குற்றமுள்ளவன் என்ற தீர்ப்பு அவ்விடத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றது. அவ்வச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் நடுக்கடலில் ஏறியோர் இருபதுக்கு மேற்பட்ட பயணிகளைக் கொன்றனர். 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டுக்குள் புகுந்தோர் குழந்தைகள் உட்படப் பலரைச் சுட்டுக் கொன்றனர். அவ்விரவில் வேலணைத் தீவில் இறந்தோர் 13 பேர். கடற்படையினர் மீது குற்றச்சாட்டு எழுந்தது, அது மறுக்கப்பட்டது. இயக்கங்களும் இரவிலேயே ஆட்களைத் தேடி வீடுகளுக்கு வந்தன. வருபவர் எவர் என்று அறிய வழியற்ற ஊரில், ஓட்டத்தைக் குற்றத்தின் சான்றாகக் கொள்வது எவ்வாறு நியாயமாகும்?

இப்போது பணிந்துவிடு, தவறு நேர்ந்திருப்பின் பின்னர் நீதிமன்றம் உண்டு என்பது சட்டம் குடிமகனுக்குத் தரும் வாக்கு. அவ்வாக்கு எப்போது நிறைவேறும்? தமிழ்நாட்டில், சந்தன மரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறையினரும் பொலிஸாரும் வருவாய்த்துறையினரும் வாச்சாத்திக் கிராமத்துள் புகுந்தது 1992 ஜூன் 20 இல். அங்கு நிகழ்ந்த வன்முறைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது 2011 இல். இடையில் 54 பேர் இறந்துவிட்டனர். உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது 2023 இல்.

அறிவித்தல் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு வினா எஞ்சுகின்றது: எது அறிவித்தல்? "பொலிஸ்" என்று கத்துவது கள்வனாலும் இயலும். 2006 ஜூலையில் சனாதிபதி விடுத்த பணிப்புரைகள், கைது செய்பவர் தம் பெயரையும் பதவியையும் கைதாகுபவருக்கோ உறவினருக்கோ கூற வேண்டும் என்றன. நல்ல பணிப்புரையே. ஆனால் எம்மொழியில் கூறுவது? 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் நெடுந்தீவின் ஒரு வீட்டு வாசலில் இரவு இரண்டு மணிக்குச் சிங்களத்தில் உரத்துக் கூறப்படும் பெயரும் பதவியும், அம்மொழி அறியாத முதியவளுக்கு வெறும் கூச்சலாகவே கேட்கும். நம்புவதற்குக் காரணம் இருந்ததா என்று நீதிமன்றம் ஆராயுமாயின், அவள் கேட்டது என்ன என்றே முதலில் வினவ வேண்டியிருக்கும். அலுவலர் சொன்னது என்ன என்று அன்று.