ஸதகாவா? ஹக்கா?



கடைக்கு வந்து ஒரு கிலோ அரிசி கேட்பவருக்கு எடை குறையாமல் நிறுத்துக் கொடுக்கிறோம். அது அவருக்கு நாம் செய்யும் தர்மமன்று, அவருடைய ஹக்கு. அதன்மேல் ஒரு பிடி அள்ளிப் போட்டால்தான் அது நம் நல்லெண்ணம். இந்த வித்தியாசம் வியாபாரிகள் அறிந்ததே. ஆனால் உடற்குறையுள்ளோர் விஷயத்தில் மட்டும், எதைச் செய்தாலும் ஸதகா என்றே எண்ணுகிறார்கள். இது சரிதானா என்று சிந்திப்போமாக.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோழர்களில் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்கள் கண் பார்வையற்றவர்கள். திருமறையின் 80-வது அத்தியாயமாகிய 'அபஸ' அன்னாரை முன்னிட்டே அருளப்பட்டது. இதை எல்லா பயான்களிலும் கேட்கிறோம். பின்னால் மதீனாவில் அன்னாருக்குக் கிடைத்த பொறுப்பைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

ஸுப்ஹு நேரத்துப் பாங்கு சொல்வது அன்னாரின் பணி. பிலால் (ரலி) அவர்கள் இரவிலேயே பாங்கு சொல்வார்கள். இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கு கேட்கும் வரை நோன்பாளிகள் உண்ணலாம் என்பது ஹதீஸ். விடியலைக் காண இயலாதவர் விடியலை அறிவிப்பது எப்படி? விடிந்துவிட்டதென்று மற்றவர்கள் சொல்வார்கள். உடனே அன்னார் பாங்கு சொல்வார்கள். ஊராரின் நோன்பே அந்தப் பாங்கை நம்பியிருந்தது. அன்னாருக்கு வேண்டியிருந்ததோ ஒரே ஒரு சொல்தான்.

இன்று பள்ளிவாசலில் போடும் சாய்வுப்பாதையும், ஒலுச் செய்யுமிடத்தில் பொருத்தும் கைப்பிடியும், காது கேளாதவருக்கு குத்பாவைச் சைகையில் விளக்குவதும் அந்த ஒரு சொல்லைப் போன்றவையே.

"இயலாதவருக்குத்தான் மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறதே, வீட்டில் தொழுதால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். சலுகை உண்மைதான். ஆனால் அதை எடுப்பதும் விடுவதும் அவருடைய விருப்பம். ஏற முடியாத படிகளைக் கட்டி வைத்துவிட்டு, "உமக்குத்தான் சலுகை இருக்கிறதே" என்று நாம் சொல்வது எப்படி நியாயமாகும்? பார்வையற்ற ஒருவர், அழைத்து வர ஆளில்லை என்று கூறி வீட்டில் தொழ அனுமதி கேட்டபோது, பாங்கு காதில் விழுகிறதா என நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஆமென்றதும் வரும்படி கூறினார்கள். அவர் வரவேண்டுமென்றால், வரும் வழியைச் சீராக்குவது ஜமாஅத்தின் கடமையல்லவா?

சிங்கப்பூரில் கட்டடங்களுக்கான தடையில்லா வழி விதிகள் 1990-லும், மலேசியாவில் உடற்குறையுள்ளோர் சட்டம் 2008-லும் வந்தன. இவற்றால் நன்மை உண்டு. எனினும் பழைய கடைவீடுகளின் அஞ்சடியில் கடைக்குக் கடை தரை ஏறி இறங்குகிறது. அங்கே சரக்குப் பெட்டிகளையும் அடுக்கிவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவர் கார் ஓடும் சாலையில்தான் இறங்க வேண்டும். பெட்டியை உள்ளே நகர்த்தச் சட்டம் வேண்டியதில்லை; மனம் போதும்.

நாவையும் காத்துக்கொள்ள வேண்டும். 'நொண்டி', 'செவிடன்' என்று ஒருவரைக் கூப்பிடுவதும், திக்கிப் பேசுபவரைக் காட்டிச் சினிமாவில் சிரிப்பு மூட்டுவதும் சாதாரணமாகிவிட்டன. பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் திருமறையின் 49-வது அத்தியாயம் தெளிவாகத் தடுத்திருக்கிறது. பெரியவர்கள் சிரித்தால் பிள்ளைகளும் சிரிக்கத்தான் செய்யும்.

ரமலானில் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுப்பது பெரும் நன்மை, அது தொடரட்டும். ஆனால் வாசற்படி அப்படியே இருந்தால், அந்த நாற்காலி வாசலோடு நின்றுவிடும். ஸஃப்பில் அவருக்குரிய இடம் காலியாகவே கிடக்கும். ஆகவே ஸதகா கொடுக்குமுன் ஹக்கைக் கொடுப்போம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த நல்லெண்ணத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.