தீராத கூலிப் பாக்கி

தென்கொரியாவின் எழுச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்களில்தான் தொடங்குவார்கள். தொடங்கட்டும், அந்த எண்கள் பொய்யல்ல. 1961-ல் ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ ஆட்சியைப் பிடித்தபோது அங்கே சராசரித் தனிநபர் வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 டாலர். 1964-ல் ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டது. 1977-ல் அது 1,000 கோடி டாலர். வாற்கோதுமை அறுவடைக்கு முன் ஆண்டுதோறும் பசியோடு காத்துக் கிடந்த கிராமங்கள் ஒரே தலைமுறையில் அந்தப் பசியை மறந்தன. இதைச் சிறிய விஷயமாக ஒதுக்க முடியாது. வறுமையும் ஆட்களைக் கொல்கிறது. மெல்ல வளரும் நாட்டில் மருந்தின்றிச் செத்த குழந்தைகளுக்கு யாரும் நினைவுத்தூண் எழுப்புவதில்லை. வேகமே பாவம் என்று சொல்வது வயிறு நிறைந்தவர்களுக்கு எளிது.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. நாளைய தலைமுறை நன்றாக இருக்கும் என்பதற்காக இன்றைய தலைமுறையை, அதுவும் அதில் மிக எளியவர்களை, அவர்களைக் கேட்காமலேயே செலவழிக்கலாமா?

சியோலின் பியோங்ஹ்வா சந்தையில் நூற்றுக்கணக்கான தையல் பட்டறைகள் இருந்தன. இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஒரே அறையைக் குறுக்கே பலகை அடித்து மேலும் கீழுமாக இரண்டாக்கியிருந்தார்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. திருப்பூரில் கைமடி என்பார்களே, தையல்காரருக்குத் துணி எடுத்துக் கொடுத்து நூல் வெட்டும் அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பதின்வயதுச் சிறுமிகள். ஒரு நாளைக்கு 14 மணி நேரம், பஞ்சுத் தூசியில். நெஞ்சு நோய் வந்தவர்களை வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள். அங்கே துணி வெட்டுபவராக இருந்த ஜியோன் டே இல் என்ற இளைஞர் தொழிலாளர் நலச் சட்டத்தைத் தேடிப் படித்தார். அந்தச் சட்டம் 1953 முதலே இருந்தது! அதிகாரிகளுக்கும் குடியரசுத் தலைவருக்கும் மனு எழுதினார். அவர் கேட்டவை வேலை நேரத்தைக் குறைப்பது, ஞாயிறு விடுமுறை, ஒழுங்கான மருத்துவப் பரிசோதனை, கைமடிச் சிறுமிகளுக்குக் கூலி உயர்வு. பலன் இல்லை. 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சந்தையிலேயே தீக்குளித்தார், அன்றே இறந்தார். வயது 22.

வேறு வழியே இல்லை என்ற வாதம் இந்த மனுவின் முன்னால்தான் தடுமாறுகிறது. அவர் ஆலைகளை மூடச் சொல்லவில்லை, ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லவில்லை. அரசு தானே இயற்றிய சட்டத்தை மதிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுத்திருந்தால் கொரியா ஏழையாகவே இருந்திருக்கும் என்று யாராவது நிரூபித்தால் கேட்டுக்கொள்ளலாம். 1987-ல் மக்கள் போராட்டம் ராணுவ ஆட்சியைப் பணிய வைத்ததும் தொழிற்சங்கங்கள் பெருகின, கூலி வேகமாக ஏறியது. வளர்ச்சி நின்றுவிடவில்லை. 1997-ல் பொருளாதாரம் நொறுங்கியது உண்மைதான். அதற்குக் காரணம் பெருநிறுவனங்களும் வங்கிகளும் குவித்த கடன், தையல்காரரின் விடுமுறை அல்ல.

இரும்புக்கரம் இருந்தால்தான் நாடு உருப்படும் என்று டீக்கடைகளில் இன்றும் கொரியாவை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் குத்தகை விவசாயிகளுக்கு நிலம் கைமாறிய சீர்திருத்தம் பார்க்குக்கு முன்பே, 1950 வாக்கில் நடந்தது. பள்ளிக்கூடங்கள் பெருகியதும் அவருக்கு முன்பே தொடங்கியது. இரும்புக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் போன நாடுகளின் பட்டியல் நீளமானது.

அடுத்தவர் துயரத்தை முதலீடாக்கிய கதையும் உண்டு. 1965-ல் ஜப்பானோடு செய்த உடன்படிக்கையில் மானியமாக 30 கோடி டாலரும் கடனாக 20 கோடி டாலரும் கிடைத்தன. அதில் ஒரு பங்கு போஹாங் எஃகு ஆலைக்குப் போனது. ஜப்பானின் காலனி ஆட்சியில் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததோ மிகச் சொற்பம். நாட்டுக்கு எஃகு தேவைப்பட்டது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் பெயரில் வாங்கிய பணத்தை அவர்களிடம் கேட்காமல் ஆலையாக மாற்றிய அரசு, ஆலை லாபம் ஈட்டத் தொடங்கிய பிறகாவது அவர்களைத் தேடிப் போயிருக்க வேண்டாமா?

இந்த வழக்கைத் தீர்க்கும் சாட்சியம் முதுமையில் இருக்கிறது. இன்று செல்வ நாடுகளின் வரிசையில் நிற்கும் தென்கொரியாவில், முதியவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில் அந்நாட்டு அளவுகோலின்படி வறுமையில் இருக்கிறார்கள். வளர்ந்த நாடுகளில் இது மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. தேசிய ஓய்வூதியத் திட்டம் 1988-ல்தான் வந்தது, அதுவும் முதலில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும். சின்னப் பட்டறைகளில் இளமையைக் கழித்தவர்கள் அதன் கணக்கில் வரவில்லை. 2014-ல் சீரமைத்த அடிப்படை ஓய்வூதியம் ஓரளவு கைகொடுக்கிறது, போதவில்லை.

பின்னால் வருகிறவர்களுக்காக முன்னால் இருப்பவர்கள் கஷ்டப்படுவது குடும்பங்களில் நடப்பதுதான். அங்கே தலையெடுத்த பிள்ளை பெற்றவர்களைப் பார்த்துக்கொள்கிறது. பார்க் அரசும் அதன் வாரிசுகளும் அந்தக் குடும்ப நியாயத்தைச் சொல்லித்தான் உழைப்பை வாங்கினார்கள். தூசியில் இருமிய சிறுமிகள் இன்று எழுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப் பணமில்லை என்று அந்த நாடு இனிச் சொல்ல முடியாது.