அச்சு மாறாத இடம்

நான்கு மாத லேப்ரடார் குட்டி என் செருப்பைக் கவ்விக்கொண்டு வாசலில் நின்றது. "விடு" என்றேன். வாலை ஆட்டியது, விடவில்லை. முந்தின நாள் இதே செருப்போடு ஓடியபோது பேரன் துரத்தி விளையாடினான், வீடே சிரித்தது. இன்று நான் அதட்டுகிறேன். நேற்றைய விளையாட்டு இன்று எப்படிக் குற்றமாயிற்று என்று அதற்கு எப்படித் தெரியும்?

கவ்வுவது அதன் பிறவிக்குணம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களுக்கு உதவி, பின்பு பிரிட்டனில் வேட்டைப் பறவையைச் சிதைக்காமல் வாயில் எடுத்துவரப் பழகிய இனம். போதாதற்குப் பால்பல் விழும் பருவம், ஈறு நமநமக்கும். செருப்புக்குப் பதில் கயிற்று முடிச்சைக் காட்டி, செருப்பை விட்ட நொடியிலேயே பிஸ்கட் துண்டைத் தர வேண்டும். தாமதித்துத் தந்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. நாங்களோ ஆளுக்கொரு சொல் சொன்னோம்: நான் "விடு", மகன் "டிராப்", மனைவி "கீழ போடு".

நெய்வேலிச் சுரங்கக் களிமண்ணை நம்பிச் செராமிக் தொழில் வளர்ந்த எங்கள் விருத்தாசலத்தில், பொம்மை வார்க்கும் பட்டறை ஒன்றுக்கு அந்த வாரம் போயிருந்தேன். மண் கரைசலைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அச்சு மெல்ல நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் ஏடுபோலப் படிகிறது. கனம் சேர்ந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அவசரமாகப் பிரித்தால் பொம்மை குழையும். அவசரமாக உலர்த்தினால் விரிசல் விடும். எல்லாப் பொம்மைக்கும் ஒரே முகம் வருவது அச்சு மாறாததால்.

ஓரமாகச் சில அச்சுகள் வெயிலில் கிடந்தன. "தண்ணி குடிச்சுக் குடிச்சு ஊறிப்போச்சு சார். இனிமே ஊத்துனா மண்ணு புடிக்காது. காய்ஞ்சாத்தான் மறுபடி வேலைக்கு ஆகும்" என்றார் வார்ப்பவர்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல், "விடு". தினம் மூன்று வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம். எனக்குக் கோபம் மூளும் நாளில் முடிச்சை மகனிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன். ஊறிய அச்சில் எதை வார்ப்பது?

ஆறாவது வாரம் ஒரு காலை, செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தது. எச்சில் ஈரம் இருந்தது. பல்தடம் ஒன்றுகூட இல்லை.

நாயோ, பிள்ளையோ, பணியில் புதிதாகச் சேர்ந்தவரோ, பழக்கும்போது நம் கண் மண்ணின் மேலேயே இருக்கிறது. குறையையும் அங்கேயே தேடுகிறோம். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லும் மனிதரிடம்தான் ஓர் உயிர் தயங்காமல் கற்கிறது. அச்சு மாறாத இடத்தில் அச்சம் இல்லை.