பெயரும் வாய்மையும்

குளிர்காலத்தை இந்தியத் தோட்டங்களில் கழித்த சின்னஞ்சிறு கதிர்குருவிகள், பங்குனி, சித்திரை நாட்களில் இமயத்தையும் சைபீரியாவையும் நோக்கித் திரும்புகின்றன. அவற்றுள் பல இனங்கள் ஏறக்குறைய ஒரே தோற்றம் உடையவை. பச்சைக் கதிர்குருவியைப் பிரித்தறிய உதவுவது சிறகிலுள்ள மெல்லிய வெளிர்கோடு. இறகுகள் தேய்ந்துபோன இளவேனிலில் அதுவும் மறைந்துவிடக்கூடும். பிறகு குரல் ஒன்றே துணை. பறவையோ மௌனமாக இருந்தால்?

கொல்லைப்புறத்தில் தொலைநோக்கியுடன் நிற்பவர் தம் குறிப்பேட்டில் ஏதேனும் ஒரு பெயரை எழுதிவிடலாம், மறுப்பார் எவருமில்லை. வாய்மைக்குச் சோதனை அங்கேதான். ஊகத்தை அறிவென்று எழுதும் கை, நாளடைவில் பெரிய காரியங்களிலும் அவ்வாறே எழுதப் பழகிவிடும். ‘இனம் தெரியவில்லை’ என்று எழுதுபவர் இழப்பது ஒரு பெயரை மட்டுமே. அறியாததை அறியாததென்று ஒப்புக்கொள்ளும் அந்த நேர்மையே ஆன்ம விசாரத்திற்கும் முதல் தகுதியாகும்.