கண்ணைக் கட்டிக்கொண்டு ஆணையிடலாமா?



ஃப்ரீமேசன் சங்கத்தில் ஒரு விசுவாசி சேரலாமா என்று சபையார் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு சகோதரனுக்கு ஆபீஸ் மேலதிகாரியே அழைப்புக் கொடுத்திருக்கிறார். "பைபிளைத் திறந்து வெச்சு, ஜெபம் பண்ணித்தான் லாட்ஜ் ஆரம்பிப்பாங்களாம் பாஸ்டர், இதுல என்ன தப்பு?" என்கிறார். (லாட்ஜ் என்றால் ரூம் போடுகிற இடமில்லை, அவர்கள் கூடுகை.) நியாயமான கேள்விதான்.

ஆட்டுத்தலை, ரத்தம், சாத்தான் பூஜை என்று மேடையில் சொல்லப்படுகிற கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் கிடையாது. பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளை லாட்ஜ்காரரைப் பற்றிப் பேசும்போதும் உண்டே! கல் கொத்தனார்களின் பழைய சங்க வழக்கங்களிலிருந்து வளர்ந்த இயக்கம் இது. அதனால்தான் மூலைமட்டமும் கவராயமும் அவர்கள் சின்னம். 1723-ல் லண்டனில் அவர்கள் சட்டப்புத்தகத்தைத் தொகுத்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகர். அதே நூற்றாண்டில் மதராசுக்கும் வந்துவிட்டது. 1961-ல் இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் அமைந்தது. தானதர்மம் நிறையச் செய்கிறார்கள். 1953-ல் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டிய பேராயர் ஃபிஷரே ஃப்ரீமேசன்தான். ஆகவே அங்கே நல்லவங்க இருக்காங்களா என்பது கேள்வியே அல்ல.

அப்படியானால் எது கேள்வி? அங்கே எந்த மதத்தாரும் சேரலாம். தேவனை 'பிரபஞ்சத்தின் மகா சிற்பி' என்பார்கள். வேதாகமமோ கீதையோ குர்ஆனோ, அவரவர் நூலின்மேல் கைவைத்து ஆணையிடுவார்கள். எல்லாருக்கும் பொதுவான ஜெபம் என்பதால் இயேசுவின் நாமம் அதில் வராது. இந்து நண்பரோடு ஒரே ஆபீசில் உழைக்கலாம், சேர்ந்து ரத்ததானம் கொடுக்கலாம், அதெல்லாம் நல்லதே. ஆனால் ஜெபிக்கப் போகும்போது, செருப்பை வாசலில் விடுகிறதுபோல இரட்சகரின் நாமத்தை விட்டுவிட்டு உள்ளே போக முடியுமா?

அதைவிட என்னை உறுத்துவது ஆணை. சேருகிறவனுக்குக் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிற்றை மாட்டி, இருளிலிருந்து வெளிச்சம் தேடி வருகிறவனாக நிறுத்துவார்கள். ஞானஸ்நானம் பெற்றவன், நான் இருளில் இருக்கிறேன் என்று அங்கே நிற்பதா? யோவான் 8:12-ஐ எடுத்து வாசியுங்கள். பிறகு, இன்னும் தெரியாத ரகசியங்களைக் காப்பேன் என்று முழங்காலில் நின்று ஆணையிடுவான். மீறினால் தொண்டையை அறுக்கலாம் என்ற வார்த்தைகள்கூட இருந்தன; இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் 1986-ல்தான் ஆணையிலிருந்து அதை எடுத்தது. அது அடையாளத்துக்குச் சொன்னதுதான் என்பார்கள். அப்படியே இருக்கட்டும். தேவனைச் சாட்சி வைத்து விளையாட்டுப் பேச்சா? என்னவென்று தெரியாமலே வாக்குக் கொடுப்பவன் தன் மனச்சாட்சியை வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான்.

எழுப்புதல் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னியை அறிவீர்கள். அவர் வாலிபத்தில் ஃப்ரீமேசன். 1821-ல் நியூயார்க் மாநிலத்தில் ஆடம்ஸ் என்ற ஊரில் இரட்சிக்கப்பட்டார். அதன்பின்னும் லாட்ஜுக்குப் போனார். மனந்திரும்பியவர் என்று தெரிந்து, அவரையே ஜெபிக்கச் சொன்னார்கள். ஊக்கமாய் ஜெபித்தார். ஆனால் மிகவும் பாரப்பட்ட மனதோடுதான் வீடு திரும்பினார். யாரும் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை பாருங்க, புதிதாய்ப் பிறந்த ஆவியே அங்கே ஒட்டவில்லை. விலகிக்கொண்டார். பல வருஷம் கழித்து, 1869-ல், இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

ஏற்கெனவே ஆணையிட்டு உள்ளே இருக்கிறவர் என்ன செய்வது? "வாக்குக் கொடுத்துட்டேனே, மீறினா பாவமில்லையா?" என்று ஒருவர் என்னிடம் கண்ணீரோடு கேட்டார். லேவியராகமம் 5-ஆம் அதிகாரம் 4, 5 வசனங்களைப் பாருங்கள். யோசியாமல் ஆணையிட்டவன் அதை உணரும்போது அறிக்கையிட வழி இருக்கிறது. ஏரோது தன் வாக்கைக் காப்பாற்றினான். போனது யோவான் ஸ்நானனுடைய தலை.

விலகுவதற்கு அங்கேயே முறை உண்டு, ஒரு ராஜினாமாக் கடிதம் போதும். கைகுலுக்கல், அடையாளச் சொல் எல்லாவற்றையும் தெருவில் சொல்லும்படி யாரையும் நான் கேட்கமாட்டேன். அவை எப்போதோ அச்சில் வந்துவிட்டவை. மேலதிகாரியின் மனவருத்தம், புரமோஷன் தள்ளிப்போவது, இவைகளுக்குப் பயந்து தயங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் என்னை வந்து பாருங்கள். வீட்டாருக்கும் தெரிய வேண்டாமென்றால் சொல்லுங்கள், சரி என்பேன். ஆணையெல்லாம் கேட்காதீர்கள்.